காற்று போகும் வாய்

புதன், ஐப்பசி 14

புதிதாகச் சேர்ந்த காமாட்சி தைத்த பறக்கும் உடுப்புக்குள் இன்று காற்றடித்துப் பார்த்தேன். இடது இறக்கை உப்பவே இல்லை. காற்று உள்ளே போக விட்டிருக்கும் வாயை மூடித் தைத்திருக்கிறாள். கண்ணுக்கே தெரியாத தையல்.

"ஓட்டையா வுட்டு அனுப்புனா நம்ம பேரு கெட்டுப்பூடாதாக்கா? அதான் அடைச்சுட்டேன்" என்றாள். ஆரணியில் ஜாக்கெட் தைத்த கை; பிரிந்த இடத்தைக் கண்டால் சும்மா இருக்காது.

"ஏரோபிளேன்லேர்ந்து குதிக்கிறவன் இந்தக் காத்த நம்பித்தான்டி மெதுவா இறங்குறான். இது உப்பலன்னா சுத்திக்கினே வுழுவான்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து தச்ச ரெண்டும் இப்டித்தான்க்கா."

நேற்று காற்றடிக்கும் மிஷின் ஓடவில்லை. தையலைத் தடவிப் பார்த்துவிட்டு ஓகே போட்டேன். இரண்டும் சீல் வைத்த பெட்டியில், குடோனில் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கே ஏற்றிப்போக லாரி வந்துவிடும்.

மேனேஜரிடம் சொல்லாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சொன்னால் காமாட்சிக்கு வேலை போய்விடுமே என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். பொன்னேரி தாண்டும்வரை அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் இருக்கும் செக்கிங் சீட்டில் அவள் பெயரே கிடையாது. என் கையெழுத்துதான் இருக்கிறது.

நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.