ஆறு வருஷம் ஏறாத ரயில்

அக்கா,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீன் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள். கழுத்து, கை, முதுகு என்று பவுடர் டின்னையே கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். மீன் வாடையையும் மீறிக்கொண்டு வந்தது அந்த வாசம். "என்னா மீன் வேணும் ஆன்டி?" என்று மீன்காரர் இரண்டு தடவை கேட்டும் என் காதில் விழவில்லை. நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது, இன்னமும் இப்படித்தான் நினைத்த இடத்தில் வந்து நின்றுகொள்கிறீர்கள்.

ரயில்வே குவாட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள். எனக்கோ வாய் சும்மா இருக்காது. உங்கள் பக்கமிருந்து பவுடர் வாசம் வந்தாலே, "அக்காவுக்கு இன்னிக்கு என்னா, கல்யாணமா?" என்று கேட்பேன். நீங்கள் சிரிக்காமல் உள்ளே போய்விடுவீர்கள். தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் மகள் தன் விருப்பப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு பட்டர்வொர்த்தில் குடியிருந்தாள். ரயில்வேக்காரர் மனைவி என்று கையில் இலவச பாஸ் இருந்தும், ஆறு வருஷமாக நீங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேட்டால், "வூட்ட யாரு பாக்கிறது?" என்பீர்கள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று குவாட்டர்ஸ் முழுக்கப் பேசியது. மகளும் அதையே நம்பினாள். பிள்ளையுண்டான ஏழாம் மாசம் எனக்குக் கடிதம் போட்டாள். 'பேறுகாலத்துக்காவது அம்மா வருவாங்களா, கேட்டுச் சொல்லுங்க ஆன்டி' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு உங்களோடு சண்டை போடத்தான் கொல்லைப்பக்கமாக வந்தேன்.

கொடியில் ஈரப் புடவை காய்ந்தது. காற்றில் அது விலகியபோது, அடியில் பழைய துணிகள் நாலாக மடித்து வரிசையாகக் கிடந்தன. உங்களுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம். கொண்டுவந்த சண்டை மறந்துபோயிற்று.

"அக்கா, ரத்தம் போவுதா?"

"ரத்தம் இல்ல லா. மூத்திரம் சொட்டுது." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "கீழ எறங்கிருச்சு. நின்னா முட்டையாட்டம் வெளிய வருது, படுத்தா உள்ள போயிருது. ஆறு வருஷமாச்சு."

"டாக்டர்கிட்ட காட்டலயா?"

"ஆம்பள டாக்டரு. அவருகிட்ட என்னான்னு சொல்றது? இடுப்பு வலின்னேன். மாத்திர குடுத்தாரு."

அதனால்தான் மகள் வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "பகல் பூரா ரயில்ல ஒக்காரணும். பக்கத்துல மனுசங்க இருப்பாங்க, நாறும். மாப்பிள்ள வூட்டு நாக்காலியில எப்படி ஒக்காருவேன்?" என்றீர்கள். பவுடர் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் கேலி செய்த வாயை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள்தான் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், உங்கள் வீட்டுக்காரரும் கூட வந்தார். பெண் டாக்டர்தான் பார்த்தார். அவர் மலாயில் சொன்னதை அங்கே நர்ஸாக இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி நமக்குச் சொன்னாள். "கர்ப்பப்பை எறங்கியிருக்கு. புள்ள பெத்து, பாரம் தூக்கி, வயசானா நெறைய பேருக்கு வரும் ஆன்டி. வெக்கப்பட ஒன்னும் இல்ல." மூத்திரத்தை அடக்குவதுபோல் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். இவ்வளவு இறங்கியதை அது மட்டும் ஏற்றிவிடாது, ஆனாலும் விடாமல் செய்யுங்கள் என்றாள். அதற்கு மேல் இரண்டு வழி. உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கிப் பிடிக்கலாம், சில மாசத்துக்கு ஒரு தடவை வந்து கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆப்பரேஷன்.

"ஆப்பரேஷனே பண்ணிருங்க மிஸ்ஸி, ஒரேயடியா முடிஞ்சிரும்," என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. "அதப் பண்ணா புள்ளயத் தூக்கலாமா?" என்று மிஸ்ஸியைக் கேட்டீர்கள். மூணு மாசம் எதையும் தூக்கக்கூடாது, வளையமென்றால் கைக்குழந்தையைத் தூக்கலாம் என்றாள். "அப்போ வளையம்," என்றீர்கள். அன்றே மாட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கக்கூசில் இருமியபோது அது விழுந்துவிட்டது. கழுவிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தீர்கள். "எனக்கு ஒத்துவராது. வரமாட்டேன்னு மகளுக்கு எழுதிரு."

"செருப்பு சின்னதா போச்சுன்னா கால வெட்டிப்போடுவீங்களா? வேற சைஸ் கேப்போம் லா," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை வருஷம் இருந்தும் உங்கள் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

இரண்டாவது வளையத்தை மாட்டிவிட்டு மிஸ்ஸி உங்களை நடக்கவைத்தாள், குந்தவைத்தாள், இருமச் சொன்னாள். அது அசையவில்லை. அடுத்த மாசம், பேறுகால மருந்துச் சாமான் மூட்டையோடு உங்களைப் பட்டர்வொர்த் ரயிலில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து மகள் எழுதினாள்: 'அம்மா புள்ளயக் கீழ விடுறதே இல்ல ஆன்டி. எல்லாத்தையும் சொன்னாங்க. நான் எவ்வளவு தப்பா நெனச்சிட்டேன்.' அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேத்தி ஓடத் தொடங்கிய பிறகு ஆப்பரேஷனையும் நீங்களேதான் கேட்டீர்கள். "இப்ப அவ என்னயத் தொரத்துறா, தூக்க வேண்டியதில்ல," என்றீர்கள். மூன்று மாசம் மகாராணி மாதிரி படுத்துக்கொண்டு என்னை ஏவினீர்கள். தேறி எழுந்த பிறகு வருஷத்துக்கு நாலு தடவை அந்த ரயிலில் போய்வந்தீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. போன மாசம் குளிக்கும்போது எனக்கும் கீழே அதே முட்டை மாதிரி கையில் தட்டுப்பட்டது. அன்று மாலையே என் மகளிடம் சொல்லிவிட்டேன். கிளினிக்கில் ஒரு சின்ன மிஸ்ஸி, எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டாள். "அஞ்சு நாளு," என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரும் இவ்ளோ சீக்கிரம் வரமாட்டாங்க ஆன்டி. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வூட்டு அக்கா," என்றேன்.