மேலே என் பூட்டு

மார்ச் 4, செவ்வாய்

பதினாலு மாடிக் கட்டடம். புகார்: ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு பாதியில் நின்று யோசிக்கிறது. காரணம்: கதவுத் தடத்தில் பேனா மூடி. சரிசெய்தது: பேனா மூடியை எடுத்தேன். இதற்கு இரண்டு ஆள், ஒரு மணி நேரம்.

வேலைக் குறிப்பேடு எழுதி எழுதி வீட்டு டைரியும் இப்படியே வருகிறது. வரட்டும். என் புகாரையும் எழுதிவிடுகிறேன். புகார்: மாத்திரை தீரப்போகிறது. காரணம்: இரண்டு வருடம் முன்பு லிஃப்ட் கூரையிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டபோது டாக்டர் கொடுத்த வலி மாத்திரை. அவர் நிறுத்தச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் நிறுத்தவில்லை. சீட்டு கேட்காமல் கொடுத்துவந்த மருந்துக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். சரிசெய்தது: —

ஒன்றும் இல்லை. ஆறு மாத்திரை மிச்சம். முடிந்ததும் நானே விட்டுவிடப் போகிறேன். வலி போய் எவ்வளவோ நாளாயிற்று. நான் வலிக்காக விழுங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரி இவளிடம் சொல்ல முடியாது. போன வருடமே விட்டுவிட்டதாகச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு நீலச் சட்டை வாங்கித் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் இன்று கடை கடையாக அலைந்தேன்.

மார்ச் 5, புதன்

மச்சினன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினான், நான் மேலே மோட்டார் அறையில். பதினோரு வருடமாக இதே ஏற்பாடு. லிஃப்டுக்கு அடியில் இறங்குகிறவன் தன் பூட்டை மேலே மெயின் சுவிட்சில் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. சாவி அவனிடம் இருக்கும்வரை யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. ஆளுக்கொரு பூட்டு கம்பெனியில் கொடுத்தார்கள். அவன் பூட்டு துருப்பிடித்ததும் புதிது கேட்கவே இல்லை. "எதுக்கு மாமா? உங்க பூட்டு போட்டா என் பூட்டு போட்ட மாதிரிதானே." அன்றிலிருந்து என் சிவப்புப் பூட்டு மட்டும்தான், சாவியும் என் பையில்தான். இவளுடைய ஒரே தம்பி. என் பூட்டை நம்பித்தான் தினமும் இறங்குகிறான்.

மார்ச் 6, வியாழன்

காலையில் கடைசி மாத்திரை. முடிந்தது.

விடும்போது வரும் உபாதைக்கு நான்கு கடையில் மருந்து வாங்கினேன். ஒன்றில் சளி மாத்திரை, ஒன்றில் தூக்கம் வர ஏதோ, ஒன்றில் தைலம், ஒன்றில் வயிற்றுப்போக்குக்கு. எதற்கும் சீட்டு வேண்டாம். சீட்டு இல்லாமல் கொடுப்பதில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது? ஒரு வாரம் காய்ச்சல் வந்த மாதிரி இருந்து எழுந்துவிடுவேன்.

மார்ச் 7, வெள்ளி

மூக்கு, கண், வியர்வை. உடம்பு முழுக்கக் குழாய் ஒழுகுகிறது. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலிக்கிறது.

மார்ச் 8, சனி

இவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். காலையில் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தவள் அப்படியே என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"கண்ணுக்குள்ள கருப்பு ஏன் இவ்ளோ பெரிசா இருக்கு?"

"சளி."

"சளிக்கு கண்ணு விரியுமா? நான் என்ன வெறும் கண்ணாடி விக்கிறவள்னு நெனச்சீங்களா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மாத்திரையால் இரண்டு வருடமாக என் கண்மணி கடுகு மாதிரி சுருங்கி இருந்ததை அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்?

மார்ச் 9, ஞாயிறு

கால் தானாக உதைக்கிறது. போர்வையை எடுத்தால் குளிர், போர்த்தினால் வேக்காடு. எட்டு முறை கழிப்பறை. வயிற்று மாத்திரை போட்டதும் வயிறு நின்றது. வயிறு மட்டுமா? தோலுக்குள் ஓடிய எறும்பும் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. அதனால் இன்னும் போட்டேன். அட்டையில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. எழுதினவனுக்கு என் நிலைமை தெரியுமா?

மார்ச் 10, திங்கள்

வேலைக்குப் போனேன். நன்றாகவே இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாதே என்று தோன்றும் அளவுக்கு.

மூன்றாவது மாடிப் படியில் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டுப் பிறகு இரண்டாகச் சேர்த்து அடித்தது. படி ஏறினால் யாருக்கும் வரும்.

மார்ச் 11, செவ்வாய்

முனை மருந்துக்கடை அக்கா அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"முந்தாநேத்துதானே வாங்குனீங்க? வீட்ல எத்தனை பேருக்கு வயித்துப்போக்கு?"

"எனக்குத்தான்."

"அப்படின்னா இதுக்குள்ள நின்னிருக்கணும். நிக்கலேன்னா டாக்டர்கிட்ட போங்க. இது வயித்துக்குன்னு சாதாரணமா நெனைக்காதீங்க தம்பி, அளவு மீறினா நெஞ்சைப் பிடிக்கும். வேற எதையாவது விடுறதுக்காக இதைப் போடுறீங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தார்? முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதா? "போங்கக்கா, நீங்க வேற" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. அங்கே இருந்தவன் தலையே நிமிரவில்லை. அதுதான் நல்ல கடை.

மார்ச் 13, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

பதினாலு மாடிக் கட்டடம். குழிக்குள் இருக்கும் நிறுத்தும் பொத்தான் பழுது. அதை மாற்ற மச்சினன் இறங்கினான். அந்தப் பொத்தான் இல்லையென்றால் கீழே அவனுக்கு வேறு காவல் கிடையாது. மேலே என் பூட்டுதான். சுவிட்சை அணைத்தேன், பூட்டினேன், சாவி பையில். "போட்டாச்சா மாமா?" என்று போனில் கேட்டான். "போட்டாச்சு மாப்ள."

அப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்தது. சுவரில் சாய்ந்தேன். கண் இருட்டியது. எவ்வளவு நேரம்? தெரியவில்லை. விழித்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது, என் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் என் மண்டைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: வேலை முடிந்துவிட்டது, திறக்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம். கை பைக்குள் போனது. பூட்டைத் திறந்தது. சுவிட்சைப் போட்டது.

கரண்ட் வந்ததும் லிஃப்ட் தானாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கும். மோட்டார் சுற்ற ஆரம்பித்த சத்தத்தில்தான் எனக்கு அவன் ஞாபகம் வந்தது. அடப்பாவி, நான் என்னடா செஞ்சுட்டேன்! அணைத்தேன். போனில் கத்தினேன். பதில் இல்லை. பதினாலு மாடியும் படியில் இறங்கினேன், இறங்கினேனா உருண்டேனா தெரியல.

தரையோடு தரையாகப் படுத்திருந்தான். முதுகுக்கு மேல் ஒரு சாண். லிஃப்ட் தலைக்கு நேரே வந்து நின்றிருந்தது. ஊர்ந்து வந்த அவன் சட்டையின் பின்பக்கத்தில் லிஃப்டின் அடியிலிருந்த கிரீஸ் நீளமாகத் தடவியிருந்தது. ஒரு சாண்! அதுகூட என் புத்தி இல்லை, அவன் காது. மேலே கயிறு முனகியதைக் கேட்டுப் படுத்துக்கொண்டான்.

வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தான். அந்த நீலச் சட்டை.

"குடிச்சிருக்கியா?"

இதுவரை அவன் என்னை நீ என்று சொன்னதில்லை.

"இல்ல மாப்ள. வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லாதவன் பூட்டைத் திறப்பானா? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவன் செத்திருந்தால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதை அவன் யோசிக்கவில்லை. குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

மார்ச் 14, வெள்ளி

லீவு. அவன் இவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதற்கு நன்றி சொல்லலாம் என்று போனை எடுத்து, வைத்துவிட்டேன்.

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆறாம் தேதி கடைசி மாத்திரை என்று எழுதியது பொய். இரண்டை ஒரு தாளில் சுற்றி, அதே பதினாலு மாடிக் கட்டடத்து மோட்டார் அறையில் கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு. என் டைரியில் எனக்கே பொய் எழுதும் மனிதன் நான்.

மார்ச் 15, சனி

நேற்று ராத்திரி முழுக்க நெஞ்சு. இப்போதும். வயிற்று மாத்திரையை விட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். விடாவிட்டால்

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரி. சமையலறைத் தரையில் விழுந்திருக்கிறேன். விழுந்த பிறகு இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை.

நெஞ்சில் ஒயர்கள், பக்கத்தில் கோடு போடும் பெட்டி. அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இளம் டாக்டர் ஒருத்தி வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். "சளி மாத்திரைன்னு சொல்லாதீங்க. எல்லாத்தையும் சொல்லுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் இவள் பையைத் திறந்து காலி அட்டைகளை ஒவ்வொன்றாகப் போர்வையின் மேல் வைத்தாள். பீரோவுக்குப் பின்னால் இருந்தவை, செருப்புப் பெட்டியில் இருந்தவை, டூல் பையில் இருந்தவை. அந்த வரிசை என் கால் இருக்கும் இடம்வரை வந்தது.

"இதயத் துடிப்போட ஒழுங்கே கலைஞ்சிருக்கு. இன்னும் ஒரு நாள் போயிருந்தா உங்க வீட்டம்மா வேற இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள் டாக்டர். வலி மாத்திரைப் பழக்கத்தை விடுவதற்கு முறையான மருத்துவம் இருக்கிறதாம். ஆள் பக்கத்தில் இருந்து, பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்களாம். கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார்களாம்.

இவள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "கண்ணைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும், நீங்களா சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

ஏண்டி, அப்பவே நாலு அறை விட்டிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2, புதன்

தினமும் காலையில் சிகிச்சை மையம். நர்ஸ் மருந்தைக் கொடுத்து, முழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறேன். உடம்பு பரவாயில்லை. மச்சினன் வரவில்லை. குழியில் நடந்ததை இவளிடம் நானே சொன்னேன். அன்று முழுக்க அடுத்த அறையில் இருந்தாள்.

ஏப்ரல் 16, புதன்

இவள் போனில் தம்பியிடம் பேசியது காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை பதினாலு மாடிக் கட்டடத்தில் பெரிய சர்வீஸாம். கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றுவார்கள்.

தாளில் சுற்றிய இரண்டு. முந்திக்கொண்டு போய் எடுத்து எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மோட்டார் அறைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

போனேன். கட்டடத்து வாசல்வரை. எறிவதற்கு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் வழியில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியிருந்தேன். எறிவதற்கு எதற்குத் தண்ணீர்?

அங்கேயே நின்று மச்சினனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். "மாப்ள, கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னாடி ஒரு தாள் இருக்கு. எடுத்துடு. நான் மேல ஏறக் கூடாது. வந்து என்கிட்ட இருக்குற சாவியையும் வாங்கிக்க."

அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க ஆஸ்பத்திரியில கிடந்த அன்னைக்கே, அக்கா விஷயத்தைச் சொன்னதும் போய்த் தேடி எடுத்துட்டேன் மாமா. அந்த ரூம்ல வேற எங்க ஒளிச்சு வைக்க முடியும்? சாக்கடையில போட்டாச்சு. சொல்றீங்களா, போய்த் தேடுறீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். காவலாளி வந்து லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று கேட்டார்.

மே 26, திங்கள்

டாக்டர் சீட்டோடு மறுபடி வேலை. தனியாக இல்லை, இன்னொரு மெக்கானிக் என்னோடு மேலே நிற்பார். சிகிச்சை மையம் போய்விட்டுத்தான் போனேன்.

ஏழு மாடிக் கட்டடம். புகார்: குழியில் தண்ணீர். நான் சுவிட்சை அணைத்து என் சிவப்புப் பூட்டைப் போட்டேன். மச்சினன் வழக்கம்போல் கீழே காத்திருப்பான் என்று நினைத்தேன். ஏழு மாடியும் ஏறி மேலே வந்தான். மூச்சு வாங்கியது. பையிலிருந்து புது மஞ்சள் பூட்டு ஒன்றை எடுத்து, என் பூட்டுக்குப் பக்கத்தில் போட்டுப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டினான்.

"வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான்.