கோடை மழைக்கு முன் வைத்த தீ

4-5-2008, ஞாயிறு
வெயில். கோடை மழை ஒரு தூறல்கூட இல்லை. புதுசு துளிர்க்க, ஏரிக்கரைக் கோரைக்கு நெருப்பு வைக்கிற முறை எங்கள் வீட்டுக்கு உரியது. மாமியாருக்குப் பிறகு முப்பது வருசமாக என் கைதான் வைக்கிறது. ஒரு மழை பெய்து மண் நனைந்த பிறகே வைப்போம். நுனி எரியும், கரையைப் பிடித்திருக்கிற வேர் நிற்கும். இந்த வருசம் எத்தனை நாள் காத்திருப்பது?

கீழ்மடை ஆதிகேசவன் வந்து, "ஒரு மழை பெய்யட்டும் பெரிம்மா, மண்ணு காஞ்சிக்கினு கீது" என்றான்.

"நீ அரணாக்கவுத்தோட ஓடிக்கினு இருந்தப்பவே நெருப்பு வச்ச கைடா இது. போ."

எனக்கே சொல்லித் தருகிறான்!

6-5-2008
நேற்று வைத்தேன். காற்று திரும்பிவிட்டது. கரைப் பனை பதினேழும் போயிற்று.

8-5-2008
மண்ணுக்குள்ளிருந்து இன்னும் புகை வருகிறது. வேர் எரிகிறதோ?

27-11-2008, வியாழன்
மூன்று நாளாக அடைமழை. புயலுக்கு நிஷா என்று பேராம். "பொம்பளை பேரு வச்சா பேஜாருதான்" என்று மகன் வெங்கடேசன் சிரித்தான். "ஆம்பளை பேரு வச்சிருந்தா கரைக்கே வந்திருக்காது" என்றேன்.

அது நேற்றுப் பேச்சு. விடிந்ததும் ஏரிக்கரை உடைந்துவிட்டது. பனை எரிந்த அதே இடத்தில். ஆதிகேசவனுக்கு இரண்டு ஏக்கர், பால் பிடித்த கதிர். அதன்மேல் முழங்கால் அளவு மணல். எங்களுடையது மேல்மடை. தப்பியது.

30-11-2008
ஊர்க் கூட்டம். ஏரிக்குப் பக்கத்துக் கம்பெனிக்காரன் கசடு கொட்டி உபரிக் கால்வாயை மூடியதால்தான் உடைந்தது என்றார்கள். பொய் இல்லை. பார்க்க வந்த இன்ஜினீயர், "கடல் சூடாகிக்கினே போவுதும்மா. பத்து நாள் மழை இப்போ ஒரே நாள்ல கொட்டுது" என்றார். கலெக்டருக்கு மனு. முதல் கையெழுத்து என்னுடையது.

மனுவில் நெருப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆதிகேசவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டியிருக்கலாமே அவன்...

1-12-2008, திங்கள்
திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ். மனு கொடுக்கிற வரிசையில் நின்றபடியே மகனிடமிருந்து காகிதத்தை வாங்கி என் பேருக்குக் கீழே எழுதினேன்: 'மழைக்கு முன்பே கரையில் நெருப்பு வைத்தது நான். அதனாலும் உடைந்தது.'

"இன்னாம்மா பண்றே! கம்பெனிக்காரன் இதைக் காட்டியே தப்பிச்சிக்குவான்" என்று வெங்கடேசன் கத்தினான்.

"அவன் கொட்டினதுக்கு அவன் பதில் சொல்லட்டும். இது என்னுது."

எழுத்து கோணல்தான். பிழை ஒன்றும் இல்லை. அஞ்சாவதில் நான்தான் முதல்.

10-5-2009, ஞாயிறு
மூட்டை அடுக்கிக் கரையை அடைத்திருக்கிறார்கள். கால்வாயில் கசடு பாதி அள்ளியாயிற்று. மழை இன்னும் இல்லை. கோரை காய்ந்து நிற்கிறது.

ஆதிகேசவன் வழியில் நின்று கேட்டான். "எப்போ பெரிம்மா?"

மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "மழை பெஞ்சப்புறம். நாளு நீ சொல்லு."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.