இருமல் கேட்காத அறை

என்னங்க,

தொற்று என்று சொல்லி மாடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டீர்கள். ஆனால் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. தெர்மாமீட்டரும் கீழே அலமாரியில்தான் கிடக்கிறது. போனில் மட்டும் குசுகுசுவென்று பேச்சு. எவளோ ஒருத்தி என்றுதான் நினைத்தேன்.

நேற்று உங்களோடு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் வந்தார். விடாமல் கேள்வி கேட்டுத் துளைத்தேன்.

"அண்ணி, டெஸ்ட்ல அவருக்கு ஒண்ணுமே இல்ல. வண்டியில ஏறினாலே கை நடுங்குது, அழுகை வருதுன்னு மனநல டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டிருக்காரு. வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்கன்னு பயம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க!"

பக்கத்து வீட்டு அக்கா இன்றும் கேட்டாள்: "காய்ச்சல் விட்டுச்சா?"

"இன்னும் இல்லக்கா" என்று கூசாமல் சொன்னேன்.

ஊரிடம் மறைத்தது சரி. என்னிடம் ஏன்? நானும் அந்தப் பட்டத்தைக் கட்டுவேன் என்று சந்தேகப்பட்டீர்களா? எவளோ ஒருத்தி என்று நான் பட்ட சந்தேகத்தைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

இன்று சாயங்காலம் உங்கள் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கமாட்டேன். என் தட்டையும் எடுத்துக்கொண்டு, முகக்கவசம் போடாமல் வருவேன். நடுங்கினாலும் பரவாயில்லை, அந்தக் கையாலேயே தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உங்கள் மனைவி