உள்தாழ்ப்பாள்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். மூன்று மணிக்கு மேல்தான் கடல்காற்று. மல்லிகா வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. பாதி ஓடு, பாதி தகரம். தனியாகக் குளியலறை. மழை வந்தால்தான் தெரியும் லட்சணம்.

வாங்க வேண்டியது: துடைப்பம், சோப்பு, சின்ன மகள் பொறுமைக்குச் செருப்பு, மூவருக்கும் கலர் துணி. வெள்ளையை இனித் தொடமாட்டேன்.

ஆத்திரத்தில் ஓடிவந்தாள் என்று நாளைக்கு யாராவது சொல்லி, எனக்கே சந்தேகம் வரக்கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன். எழுத்து நானே கற்றது. தோட்டத்தில் பெண்களுக்குப் பாட்டு உண்டு, எழுத்து கிடையாது. சிமெண்டு மூட்டை, உர மூட்டை, பஸ் போர்டு, இவைதான் என் பள்ளிக்கூடம். பிழை இருந்தால் இருக்கட்டும்.

தோட்டம் என்பது பெரியவரின் சபை. செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளி, மதில் கட்டிய இடம். எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு, புதுப் பேர். கஸ்தூரியாகப் போன நான் தாழ்மை ஆனேன். பெரியவருக்குக் கனவு வரும். கனவில் ஒரு பெண்ணின் பேர் வந்தால் அவள் ஓர் ஆணுக்குக் கொடுக்கப்படுவாள். அவனுக்கு ஏற்கெனவே எத்தனை மனைவி என்று கேட்கக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு இப்படி இரண்டாமவள் வந்தாள். கேட்டேன். இடது கை இன்றும் முழுதாக மடங்காது.

அதற்கும் இருந்தேன். போன மாதம் என் மூத்த மகள் அமைதியின் பேர் வந்தது. பதினாறு வயது. பெரியவரின் தம்பிக்கு நான்காவதாக. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பொறுமைக்குக் காதுவலி, ஆஸ்பத்திரி போகிறோம் என்று சொல்லி வியாழக்கிழமை வெளியே வந்தோம். காதுவலி பொய். செங்கல்பட்டு மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது நிஜம்.

சந்தையில் கருவாடு விற்கும் மல்லிகாதான் 'என் வூட்டுக்கு வாக்கா' என்று ஒருமுறை சொன்னவள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். பொறுமை குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். எட்டு வயது. தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்திருக்கிறாள், விழுந்துவிட்டது. திறக்கத் தெரியவில்லை. ஒரே அலறல். தெருவே கூடிவிட்டது.

மல்லிகா வெளியிலிருந்து: "கத்தாதடி. தாப்பாள சோத்தாங்கையாண்ட இழு!"

"வரல!"

"அது பீச்சாங்கை. ரெண்டுத்துலயும் துன்னுவியா நீ?"

உள்ளே அழுகை நின்று சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் கதவும் திறந்தது. வெளியே வந்தவள் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள், மறுபடி உள்ளே போய்த் தாழ் போட்டாள், திறந்தாள், போட்டாள். மதியம் முழுக்க அதுதான் விளையாட்டு.

"இன்னாக்கா, புள்ள தாப்பாளே பாத்ததில்லையா? அங்க வூட்டுக்குக் கதவே கெடையாதா?"

கதவு உண்டு, கொண்டி வெளிப்பக்கம் மட்டும்தான் என்றேன். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு உள்தாழ் எதற்கு என்பது பெரியவர் வாக்கு. அங்கே யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். தள்ளிக்கொண்டு வருவார்கள்.



ஜூன் 10, செவ்வாய்

விடிந்து பார்த்தால் கதவு அகலத் திறந்திருக்கிறது. மல்லிகா கொடுத்த சங்கரா மீன் குழம்பைப் பூனை முடித்துவிட்டது. சட்டியைக்கூட நக்கி வைத்திருந்தது.

கதவைத் திறந்தவள் அமைதி. "சாத்தினா மூச்சு முட்டுதும்மா."

"திருடன் வந்தா?"

"அப்பா வந்தா? சாத்தியிருந்தா அடிப்பாரே."

 சட்டியைத் தேய்த்தேன். இன்னும் அந்த வெள்ளைப் பாவாடையைத்தான் உடுத்துகிறாள்.

கொஞ்சம் கழித்து: "கனவு பொய்யாம்மா?"

"பொய்யி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாளாச்சும் ஒரு கெழவி பேரு வந்துதா அவருக்கு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்தேன். இல்லை.

மாலையில் மகளிர் காவல் நிலையத்திலிருந்து மல்லிகாவின் நம்பருக்குப் போன். பிள்ளைகளை நான் கடத்திவிட்டதாக என் வீட்டுக்காரரும் புகார் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை செங்கல்பட்டில் குழந்தைகள் நலக்குழு விசாரணை. யாரோடு இருக்க விருப்பம் என்று அமைதியைத்தான் முக்கியமாகக் கேட்பார்களாம்.

ஜூன் 11, புதன்

லேசாக மேகம், ஏமாற்றிவிட்டது. வேலை கிடைத்தது. கடலோர ஹோட்டலில் துணி வெளுப்பு. படுக்கை விரிப்புகள், துண்டுகள், அத்தனையும் வெள்ளை. வெள்ளையைத் தொடமாட்டேன் என்று எழுதியதை அடிக்கவில்லை. சம்பளத்துக்குத் தொடலாம்.

பொறுமையைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ், "பேர் என்ன கண்ணு?"

"பொறுமை."

"பொறுமையா சொல்லு, அவசரமில்ல. பேர் என்ன?"

"அதான் சொல்றேனே, பொறுமை! எத்தன வாட்டி சொல்றது?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். இடம் கொடுத்துவிட்டார்கள். பேரை மாற்றணுமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று பெரிய மனுஷி போல் பதில் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

மல்லிகா வந்து கதவைத் தட்டினாள். பிள்ளைகள் இரண்டும் அசையாமல் என்னைப் பார்த்தன. "தட்னா யாருன்னு கேக்கணும்டி. புட்சா தொற, புடிக்கலையா, வூட்ல ஆள் இல்லன்னு சொல்லு," என்று பாடம் நடத்தினாள். நடக்கிற காரியமா! வாயால் ஆள் இல்லை என்று சொன்னால் நம்புவார்களா? பொறுமைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பத்துத் தடவை எங்களை வெளியே நிறுத்தி, "ஆள் இல்ல" என்றாள்.

அமைதி விளையாடவில்லை. சாப்பாடும் பாதி.

ஜூன் 13, வெள்ளி

கை வலி. நீரில் நின்று கால் விரல் ஊறிப்போயிற்று.

அமைதி சொல்லிவிட்டாள். "சின்னம்மாவ உட்டுட்டு வந்துட்டோம்."

சின்னம்மா என்றால் அந்த இரண்டாமவள். புதுப்புடவையில் வந்து என் பாயில் உட்கார்ந்தவள். அவளுக்கு ஒரு கைப்பிள்ளை, இவர்களுக்குத் தம்பி.

"அவ எக்கேடு கெட்டா எனக்கின்னா?"

"உன்ன அடிக்கும்போது எங்க ரெண்டு பேர் காதையும் அவதான் பொத்துவா. இப்ப அவள யாரு அடிக்கிறாங்களோ. தம்பி காத யாரு பொத்துறாங்களோ."

இது எனக்குத் தெரியாது. அடி வாங்குகிறவள் எங்கே பார்ப்பாள்? தெரிந்தும் மனம் இளகவில்லை என்றுதான் எழுத வேண்டும். கொஞ்சம் இளகியது. அதையும் அவளிடம் காட்டவில்லை.

"அப்ப திரும்பிப் போறியா?" என்றேன்.



நான் கெஞ்சமாட்டேன். திங்கட்கிழமை இதைச் சொல், அதைச் சொல் என்று சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியே வளர்ந்த பெண். அவள் வாயில் வருவது வரட்டும். 

ஜூன் 14, சனி

இன்று எழுத்து கோணல்.

பதினோரு மணி வாக்கில் ஹோட்டலுக்கு மல்லிகாவின் போன். "யக்கா, வேன்ல வந்துகீறானுங்க. ஓடியா."

ஓடினேன். தெருவில் வெள்ளை வேன். அவரும் சபை ஆட்கள் இருவரும், சந்தையில் விசாரித்து வந்திருக்கிறார்கள். எங்கள் அறைக்குப் போகும் வழியை அடைத்து, தன் வீட்டு வாசலில் மல்லிகா அரிவாள்மணையோடு உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருக்கிறாள். செதில் அவர்களுடைய வேட்டியெல்லாம்.

"கொஞ்சம் நகரும்மா."

"மீன் அரியறது கண்ணுக்குத் தெர்ல? தாண்டிப் போயேன். காலு போனா நான் பொறுப்பில்ல."

பின்பக்கமாகச் சுற்றி வந்து அவர் எங்கள் அறைக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மறுபடி தள்ளினார். கதவு தனக்குத் திறக்காது என்பதை முதல்முறையாகப் பார்க்கிற முகம். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பொறுமை விளையாட்டுக்குப் போட்ட தாழ் என்றுதான் நினைத்தேன்.

"அமைதி! அப்பா வந்துகீறேன். தொற."

உள்ளேயிருந்து அமைதியின் குரல்: "தாப்பா போட்டிருக்கு."

"தொறக்கத் தெரியலையா?"

"தெரியும்."

அவ்வளவுதான்.  பிறகு உள்ளேயிருந்து பொறுமை, உச்சக்குரலில்: "ஆள் இல்ல!"

தெரு சிரித்ததே! வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் எழுந்து வந்து வேனைச் சுற்றி நின்றார்கள். "போலீசுக்கு போன் போட்டாச்சு நைனா, நின்னு பேசிட்டுப் போங்க," என்றார் ஒருவர். நிற்கவில்லை. போகும்போது அவர் என்னிடம், "ஏய் தாழ்மை, திங்கக்கெழம பாத்துக்கறேன்."

"கஸ்தூரி," என்றேன்.

ஜூன் 16, திங்கள்

திருக்கழுக்குன்றம் வழி பஸ். கூட்டம். அமைதி இன்று நீலச் சுடிதார், மல்லிகா மகளுடையது. தோளில் கொஞ்சம் தொளதொள. பின்னூசி குத்திவிட்டேன்.

அமைதியைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் நான் ஒரு கோடி, அவர் ஒரு கோடி. அவர் பாட்டு முணுமுணுத்தார். எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட ஒருவரும் இல்லை. பொறுமையின் கையைப் பிடித்துக்கொண்டேன். நசுங்குது என்றாள்.

பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் என்னோடு இருக்கலாம். அவர் வந்து தொந்தரவு செய்யக்கூடாது. அமைதி சொன்னதை அதிகாரி அம்மாள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்: "அம்மாவோடதான் இருப்பேன். ஆனா அங்க சின்னம்மா கீறாங்க. வெளில கொண்டி போட்டிருக்கும். அவங்களையும் போய்க் கேளுங்க."

போய் விசாரிப்பார்களாம். சின்னம்மாவிடம் கொடுக்கச் சொல்லி மல்லிகாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என் பெண், என்னைக் கேட்காமல்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மடங்காத கைப்பக்கம். நகரவில்லை நான்.

ஜூன் 18, புதன்

தூறல். தகரம் ஒழுகுகிறது, ஒரே இடத்தில்தான். கீழே சட்டி வைத்தாயிற்று.

நான்கு மணிக்கு மல்லிகா போனை நீட்டினாள். "உன்னதான்."

"அக்கா, நான்தான். ஆபீசருங்க வந்தாங்க, அவங்க பின்னாலயே தம்பியத் தூக்கினு வந்துட்டேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டுப் போனாங்க. எந்த பஸ்சுக்கா?"

 புதுப்புடவை, பாய், எல்லாம் கண்முன் ஒரு சுற்று வந்துபோயிற்று.

"அக்கா, கேக்குதா?"

"திருக்கழுக்குன்றம் வழி போறதுல ஏறு, எறங்கி மல்லிகா வூடு எதுன்னு கேளு, பின்னால நாங்க. ஜன்னலாண்ட ஒக்காராத, புள்ள நனையும்."

உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டேன். மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பாய் தனி. அவளுக்கு நாளையே ஹோட்டலில் வேலை கேட்க வேண்டும்.

இருட்டியதும் பொறுமை கதவைச் சாத்தித் தாழ் போடப் போனாள். அமைதி தடுத்தாள். "போடாதடி. சின்னம்மாவுக்குத் தட்டத் தெரியாது."

"போடு," என்றேன். "கத்துக்கட்டும்."

போட்டாள்.

யாரோ கதவைத் தள்ளுகிறார்கள். தள்ளல் மெதுவாக. பிள்ளை இருமுகிற சத்தம். அமைதி எழுந்துவிட்டாள், நான் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறேன். மறுபடி தள்ளல். இப்போது நின்றுவிட்டது.

ஒரே ஒரு தட்டு.