அஞ்சு பேருக்கும் நீ ஒருத்தி ஆஜரான வாய்தா

மதினி,

முந்தாநாள் உன் மஞ்சள் பையை உன் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்து விரித்தேன். குப்பென்று கடல்பாசி வாடை. கோர்ட்டுக் காகிதம் வைத்த பையில் பாசி வாடை அடிப்பது, பாம்பன் முழுக்கத் தேடினாலும் உன் பை ஒன்றில்தான் இருக்கும். வாய்தா தேதி எழுதிய துண்டுச் சீட்டுகளை அந்தோணியார் படத்தோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாய். எழுதப் படிக்கத் தெரியாத நீ ஒரு சீட்டைக்கூடத் தொலைக்கவில்லை. அதற்குள்ளேயே உன் மகன் கொடுத்த உன் இறப்புச் சான்றிதழின் நகலையும் வைத்தேன். மறுநாள் நம் வழக்கு.

குடிதண்ணீர் லாரி வரவில்லை என்று ஊரே குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தது. முன்வரிசையில் இருந்த பாவத்துக்கு பாசி எடுக்கும் நம் ஐந்து பேர் பெயரை மட்டும் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். சம்மன் வந்தபோது அதில் உன்னை நாலாவது எதிரி என்று போட்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னதும், "நான் யாருக்குத்தா எதிரி, எங்க வீட்டு ஆளுக்குக்கூட எதிரி இல்லையே" என்று சிரித்தாய். முதல் வாய்தா, பார்த்து வைத்ததுபோல, கடல் நீர் வத்துகிற நாளில் விழுந்தது. மாதத்தில் பாசி எடுக்கக் கிடைப்பதே சில நாள்தான். அதை விட்டுவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் போய் நிற்க யாருக்கு மனசு வரும்?

அந்த வருஷம்தான் உன் மூச்சு கெட்டுப்போனது. கண்ணாடி மாட்டி, விரலுக்குத் துணி சுற்றித் தண்ணீருக்குள் போவாய். போன வேகத்தில் மேலே வந்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இளைப்பாய். பாதிப் பைகூட நிறையாது. எங்கள் பையிலிருந்து அள்ளிப் போட வந்தால் கையைத் தட்டிவிடுவாய். "முங்காம வந்த பாசி எனக்கு வேண்டாம்த்தா" என்பாய். உன் வீட்டில் அடுப்பு எரிவது பாசியால்தான் என்பது எங்களுக்குத் தெரியாதா?

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்துக்கோ, மனுக் கொடுக்கவோ, ஊர் வேலையாகப் போனவளுக்குக் கடலுக்கு வராவிட்டாலும் முழுப் பங்கு உண்டு. அதை வைத்து நான்தான் ஒரு வழி செய்தேன். "கோர்ட்டுக்கு அஞ்சு பேரும் எதுக்கு மதினி? நீ போ, போதும். நாங்க பாசி எடுக்குறோம். ஒனக்கும் சேர்த்துத்தான்" என்றேன். "ஒருத்தி போனாப் போதுமா? நெசமாவா?" என்று கேட்டாய். நெசம்தான் என்றேன். எனக்கு என்ன தெரியும்? பத்தாவது வரை படித்த திமிர், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாய்தாவும் ஒழுங்காகப் போயின. வராத நாலு பேருக்கும் வக்கீல் மனுப் போட்டதால் போயின என்பது நமக்குத் தெரியாது. கோர்ட்டும் நம் பழக்கத்தை ஒத்துக்கொண்டது என்றே நினைத்தோம். கோர்ட்டு டவாலி பேர் கூப்பிடுகிற குரலில் நீ எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாய். நாங்கள் சிரித்துச் சிரித்து உன் பங்கைக் குவிப்போம். கூலி வாங்குகிறவளின் தோரணையோடு சாக்கைப் பிடிப்பாய். அந்த முகத்தைப் பார்க்கவே நான் நாள் முழுக்க முங்கலாம்.

மூன்றாவது வாய்தாவுக்கு எல்லாரும் வரவேண்டும் என்று கோர்ட்டில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்; நமக்கு அது புரியவில்லை. அன்றைக்கு வக்கீலும் வரவில்லை. பேர் கூப்பிட்டதும், "அஞ்சு பேருக்கும் நான் வந்திருக்கேங்கம்மா" என்று கும்பிட்டாயாம். எல்லாரும் சிரித்தார்கள் என்று சந்தோஷமாக வந்து சொன்னாய்.

என் மகள் கல்யாணம் திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை ஒரு பெண் போலீஸ் கரைக்கு வந்தது. பாசி காயப் போட்டுக்கொண்டிருந்த எங்களிடம், "அக்கா, உங்க நாலு பேர் மேலயும் பிடிவாரண்ட் இருக்கு. நாளைக்கே நீங்களா போய்க் கோர்ட்டுல நின்னுருங்க. நாங்க வந்து பிடிச்சா உள்ள வச்சாலும் வச்சுருவாக" என்றது.

நான் உன்னைப் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. "எம் மக கல்யாணத்த நிறுத்தத்தான் கோர்ட்டுக்குப் போனியா?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். ஒருத்தி போனால் போதும் என்றது நான். நீ அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். நீயோ மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, "வா, வக்கீலப் பாப்போம்" என்றாய்.

உன் சீட்டிலிருந்த நம்பரை வைத்துத்தான் வக்கீலின் ஜூனியர் பெண் போனில் வழக்கைத் தேடி எடுத்தது. எங்கள் நாலு பேர் பெயருக்கும் வாரண்ட். உனக்கு மட்டும் ஆஜர். வாரண்டை ரத்து செய்யச் சொல்லி ஆளுக்கொரு ரீகால் மனு எழுதினார்கள். காய்ச்சல் என்று போட்டுவிடலாமா என்று குமாஸ்தா கேட்டார். "நாலு பேருக்கும் நீர் வத்துற நாளாப் பாத்துக் காய்ச்சல் வருமாய்யா?" என்று கேட்டாய். அவர் பேனாவை மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கூண்டில் ஏறினோம். மகளின் கல்யாணச் சேலை பீரோவில் இருக்கிறது, நான் எங்கே இருப்பேனோ என்றுதான் எனக்கு நினைப்பு. திரும்பிப் பார்த்தால் கூப்பிடாமலே நீயும் ஏறி என் பக்கத்தில் நிற்கிறாய்.

"உங்க மேல வாரண்ட் இல்லையேம்மா?" என்றார் நீதிபதி அம்மா.

"இல்லம்மா. ஆனா இவுக வராததுக்கு நான்தான் காரணம். ஒருத்தி வந்தாப் போதும்னு நான்தான் சொன்னேன். இந்தப் பிள்ளைக்கு வீட்டுல கல்யாணம். யாரையாவது உள்ள வைக்கணும்னா என்னைய வைங்கம்மா."

நீ அதைச் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை மதினி. அது பொய், சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லாரும் வரவேண்டும், கோர்ட்டு கலையும்வரை இன்று இங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும் என்று சொல்லி நீதிபதி அம்மா வாரண்டை ரத்து செய்தார். நீயும் எங்களோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாய்.

திங்கட்கிழமை கோவிலில் கடைசி பெஞ்சில் இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஒன்றாக பஸ்ஸில் போய்வந்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன், நீ ஜன்னல் பக்கம் கையைக் காட்டி வேறு கதை பேசுவாய். உன்னை முங்கவிடாமல் பங்கு கொடுக்கத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்கிற ஆளா நீ.

நேற்று டவாலி உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். வக்கீல் சான்றிதழைக் கொடுத்தார். உன் மேல் இருந்த வழக்கு அதோடு முடிந்தது என்றார்கள். எங்கள் நாலு பேருக்கும் அடுத்த தேதி கொடுத்தார்கள். சீட்டை வாங்கி அந்தோணியாரோடு சேர்த்துக் கட்டினேன். பை இனி என்னிடம்தான் இருக்கும்.

இன்று நீர் வத்துகிற நாள். நாலு பேரும் கடலுக்குப் போய்வந்தோம். கரையில் நான்தான் பங்கு பிரித்தேன். பிரித்து நிமிர்ந்தால் ஐந்து குவியல். உன் மருமகளைக் கூப்பிட்டுச் சாக்கோடு வரச் சொன்னேன். வந்தவள் குவியலைப் பார்த்து, "அத்தைதான் இல்லையே, இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஒங்க அத்தை ஊர் வேலையாப் போயிருக்காக. அள்ளு" என்றேன்.