தங்கச்சிக்கு வச்ச தண்ணி

பதுளை

அன்பு மகன் ரமேசுக்கு அம்மா எழுதுறது. நீ அங்க காய்ச்சல் தலைவலின்னு படுக்காம இருக்கணும்னு முருகன கும்பிட்டுக்கிறேன். இங்க நாங்க சுகம்னு எழுத கை வரமாட்டேங்குது சாமி, உசிரோட இருக்கோம். போன்ல உன் குரல கேட்டாலே அழுகை முட்டிக்கிட்டு வந்துருது, அதான் இத எழுதி, நீ வேலை செய்யிற கட்டாருக்கு வாற விஜேந்திரன்கிட்ட குடுத்து விடுறேன்.

டெங்குல தங்கச்சி கம்சலா போனதுலேருந்து அவ படுத்த எடத்துல வெளக்கும் செம்புல தண்ணியும் வச்சிருந்தேன். கருமாதி வரைக்கும் செம்பக் காலியாக்கக் கூடாதுன்னு நம்ம வழக்கம், கொறையக் கொறைய மேல ஊத்திக்கிட்டே வந்தேன். முந்தாநாள் நம்ம லைன் வீடுகளப் பார்க்க ஆளுங்க வந்தாங்க. ஆஸ்பத்திரி ஆளுங்கன்னு நெனச்சேன், இல்ல, ஆளுக்கு நாடி பார்க்குற மாதிரி இந்த எடத்துக்கே பார்க்கிறோம்னாங்க. மழத்தண்ணி எங்க போகுது, குருவி வருதா, தவள கத்துதா, நெழலுக்கு மரம் இருக்கான்னு கேள்வி. எல்லாத்துக்கும் மேல சிமெந்து பூசியாச்சு, கத்துறது எங்க வீட்டம்மா மட்டுந்தான்னு அப்பா சொன்னாரு, யாரும் சிரிக்கல. அப்புறம் அதுல ஒரு பொம்பளப் புள்ள உள்ள வந்து செம்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, அம்மா இதுல டெங்கு பரப்புற நுளம்போட புழு நெளியுதுன்னு மெதுவா சொல்லுச்சு. நாம முன்ன இருந்த ஹல்துமுல்லை தோட்டத்துக் குளுருல எத்தன நாள் தண்ணி வச்சாலும் ஒன்னும் நெளிஞ்சதில்ல, இந்த ஊர் சூட்ட நான் நெனச்சுப் பார்க்கலப்பா. அவள கொண்டுபோன சனியன் அவளுக்கு வச்ச தண்ணியிலயே பொறந்திருக்கு.

கருமாதிக்கு முன்ன தொடாத, புள்ள தவிச்ச வாயோட போயிடும்னு அப்பா சத்தம் போட்டாரு. பக்கத்து வீட்டு றிஸ்னியோட கைக்கொழந்தைக்கு அன்னிக்குக் காலையிலதான் மேல் சுட்டுச்சு. நான் செம்பத் தூக்கிட்டேன். சாக்கடைக் காணுல ஊத்தாதீங்க, காஞ்ச மண்ணுல ஊத்துங்கன்னு அந்தப் புள்ள சொன்னதால லைன் நெடுக நடந்தேன், ஒரு பிடி மண்ணு இல்ல. ரோட்டத் தாண்டி பஸ் நிக்கிற எடத்து மேட்டுலதான் ஊத்தினேன், மண்ணு சட்டுனு குடிச்சிருச்சு. அங்கயே உக்காந்து அழுதேன். அப்பா இன்னும் என்கூடப் பேசல. கொழந்தைக்குக் காய்ச்சல் எறங்கல, ரத்தம் பார்க்கக் கொண்டுபோயிருக்காங்க.

வேளைக்குச் சாப்பிடு. கருமாதிக்கு வர முடியலன்னு மனசப் போட்டு ஒழப்பிக்காத, கதிர்காமக் கந்தன் உனக்குத் தொணையா நிப்பான். ரூம்ல தங்கச்சி படத்துக்கு முன்னால நீயும் கிளாசுல தண்ணி வச்சிருக்கிறதா அப்பாகிட்ட சொன்னியாம். படம் இருக்கட்டும். தண்ணிய இத வாசிச்ச ஒடனே கொட்டிடு சாமி. அவ கோவிச்சுக்க மாட்டா.

இப்படிக்கு,
உன்ன நெனச்சுக்கிட்டே இருக்கிற அம்மா
வேலாயி